முதுமலை குழுப் பயணம்: கடைசி சஃபாரியிலிருந்து மேட்டுப்பாளையம் ரயில் வரை

பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து காட்டுக்குப் போகும்போது முதல் நாள் எப்படியோ ஓடிவிடும். எல்லோருக்கும் உற்சாகம் இருக்கும், தாமதத்தையும் பொறுத்துக்கொள்வார்கள். சிக்கல் எல்லாம் கடைசி ஒன்றரை நாளில்தான் வரும். தூக்கம் குறைந்திருக்கும், கணக்கு முடிந்திருக்காது, புலி பார்க்காத வருத்தம் சிலருக்கு. இவற்றோடு சேர்த்து ஒரு முழு மலையை ஏறி இறங்க வேண்டும்.

இந்த வழிகாட்டி அந்த ஒன்றரை நாளுக்கு மட்டும். முதுமலைக் காட்டை ஒட்டிய மசினகுடியில் தங்கல், காட்டுக்குள் தெப்பக்காட்டில் சஃபாரி, டெம்போ டிராவலரில் கூடலூர், ஊட்டி, கோத்தகிரி வழியாக இறங்கி, மேட்டுப்பாளையத்தில் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்துச் சென்னை திரும்புவது. காரில் கோவைக்கோ ஈரோட்டுக்கோ போகிறவர்களுக்கும் ரயில் பகுதியைத் தவிர மற்றதெல்லாம் பொருந்தும்.

1. ரயிலிலிருந்து பின்னோக்கித் திட்டமிடுங்கள்

புதிதாகக் குழுவை அழைத்து வருபவர்கள் காலையிலிருந்து மாலை நோக்கித் திட்டம் போடுகிறார்கள். "எட்டு மணிக்குக் கிளம்பினால் எப்படியும் போய்விடலாம்" என்பது கணக்கு ஆகாது. மலையில் நேரம் போவது எங்கே என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. அதனால் நகராத நேரத்தை முதலில் எழுதி, அதிலிருந்து பின்னால் வாருங்கள்.

நீலகிரி எக்ஸ்பிரஸ் மேட்டுப்பாளையத்திலிருந்து இரவு 9 மணிக்கு மேல் கிளம்பும். சரியான நேரத்தை டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். 8 மணிக்கு ஸ்டேஷனில் இருக்க வேண்டுமென்றால் ஊருக்குள் 6 மணி வாக்கில் நுழைந்திருக்க வேண்டும். நடுவே இரவுச் சாப்பாடு, லக்கேஜ், ஊர் நெரிசல் எல்லாம் உண்டு. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் சுமார் 33 கிலோமீட்டர், வேனில் ஒன்றே கால் மணி நேரம். ஆக, கோத்தகிரியை 4.30-க்கு விட வேண்டும். ஊட்டியை 3.15-க்குள். மதியச் சாப்பாட்டுக்கு ஊட்டியை 1.45-க்கு எட்ட வேண்டும். நடுவட்டம், பைக்காரா பக்கம் நிற்பதற்கும் நேரம் விட்டால் கூடலூரை 8.30-க்குத் தாண்ட வேண்டும். மசினகுடியில் வேன் கிளம்பும் நேரம் 7.

4.30 என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கோத்தகிரி இறக்கத்தை வெளிச்சத்தில் முடித்தாக வேண்டும். ரயில் இல்லாதவர்களும் இந்த ஒரு நேரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

இந்த நேரங்களை ஒரு தாளில் எழுதி டிரைவரிடம் முந்தின நாளே கொடுங்கள். குழுவில் எல்லோருக்கும் தெரிவது இரண்டாம் பட்சம். டிரைவருக்குத் தெரிந்தால் அவரே "சார், நேரமாச்சு" என்று குரல் கொடுப்பார்.

2. முன்பே கையில் இருக்க வேண்டியவை

இ-பாஸ்: சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வெளி மாவட்ட வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். 2025 கோடை சீசனில் வார நாட்களில் ஒரு நாளைக்கு 6000, வார இறுதியில் 8000 வண்டிகள் என்று வரம்பும் வந்தது. பாஸில் வண்டி எண்ணும் தங்கும் தேதிகளும் இருக்கும். இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள். டிராவல்ஸ்காரர் கடைசி நேரத்தில் வேறு வேன் அனுப்பியிருப்பார், பாஸ் பழைய எண்ணில் இருக்கும். முதுமலையோடு கர்நாடகப் பக்கமுள்ள பந்திப்பூரும் போய்விட்டுத் திரும்பும் குழுக்கள், எல்லையிலுள்ள கக்கநல்லா செக்போஸ்ட்டில் மறுபடி நீலகிரிக்குள் நுழைய வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். வேன் வாசலுக்கு வந்ததும் எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பணம்: மசினகுடி பக்கம் சிக்னல் வரும், போகும். டிப்ஸ், டீ, நுழைவுக் கட்டணம் எல்லாவற்றுக்கும் சில்லறையாக ரொக்கம் வைத்திருங்கள்.

தண்ணீர்: ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலும் நீலகிரியில் தடை. சோதனையில் பிடுங்கி அபராதமும் போடுவார்கள். ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில், வேனுக்குள் பெரிய தண்ணீர் கேன் ஒன்று. இது போதும்.

மாத்திரை: கொண்டை ஊசி வளைவில் வாந்தி வருபவர்கள் குழுவில் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். அவோமின் போன்றவற்றை வண்டி ஏறுவதற்கு அரைமணி நேரம் முன்பே போட வேண்டும். தலை சுற்ற ஆரம்பித்த பிறகு போட்டுப் பயனில்லை. குழந்தைகளுக்கு எவ்வளவு என்பதை ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு வாருங்கள். தூக்கம் வரவழைக்கும் மாத்திரை என்பதால் வண்டி ஓட்டுபவர் தொடவே கூடாது.

3. கடைசி சஃபாரி முந்தின நாள் மாலையில்

"கிளம்பும் நாள் காலையில் இன்னொரு சஃபாரி போய்விடலாமே" என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம். காலை சஃபாரி முடிந்து அறைக்கு வந்து, குளித்து, மூட்டை கட்டி, சாப்பிட்டுக் கிளம்பும்போது மணி பதினொன்று. ஊட்டிக்குள் நுழையும்போது உச்சகட்ட நெரிசல். பிறகு கோத்தகிரி இறக்கம் இருட்டில். ஒரு சஃபாரிக்காக மீதி நாள் முழுவதும் கெட்டுவிடும். காலை சஃபாரி வேண்டும் என்பவர்கள் அதை முந்தின நாள் காலையில் வைத்துக்கொள்ளட்டும். மாலை சஃபாரியே கடைசி.

வனத்துறை வேன் தெப்பக்காடு வரவேற்பு மையத்திலிருந்து கிளம்பும். பெரிய குழு என்றால் எல்லோருக்கும் ஒரே வண்டியில் இடம் கிடைக்கும் என்று நம்பாதீர்கள். முன்பதிவைச் சீக்கிரம் செய்யுங்கள், பிரிய நேர்ந்தால் யார் யாரோடு என்று அறையிலேயே முடிவு செய்யுங்கள். கவுன்ட்டர் முன்னால் நின்று பிரிப்பது மனக்கசப்பில் முடியும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை காட்டுத்தீ அபாயம் அதிகம். அப்போது சஃபாரியையே நிறுத்துவது உண்டு என்பதால், கிளம்பும் வாரத்தில் ஒருமுறை கேட்டு உறுதி செய்யுங்கள்.

ஏறும் முன் குழுத் தலைவர் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: புலி தெரியலாம், தெரியாமலும் போகலாம். இதைச் சொல்லாமல் விட்டால் யானைக் கூட்டத்தைப் பார்த்தபோதும் "புலி எங்கே" என்றுதான் கேட்பார்கள். அப்புறம் உடை. வெள்ளை, சிவப்பு, ஆரஞ்சு வேண்டாம். வாசனைத் திரவியமும் வேண்டாம்.

உள்ளே போனதும் கண்ணைவிடக் காதுக்கு வேலை அதிகம். இதைப் புதியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தால் அவர்களுடைய சஃபாரியே மாறிவிடும். புள்ளிமான் கூட்டம் சாதாரணமாக மேயும்போது வால் தொங்கிக்கொண்டிருக்கும், காதுகள் பல திசையில் திரும்பிக்கொண்டிருக்கும். ஆபத்தை உணர்ந்தால் அத்தனை தலையும் ஒரே பக்கம் திரும்பும். முன்னங்காலைத் தரையில் ஓங்கித் தட்டும். கூர்மையாக ஒரு குரல் கொடுக்கும். மரத்தின் உச்சியில் உட்கார்ந்திருக்கும் மந்திக்கு இன்னும் தூரம் தெரியும். அது இருமுவது போலக் கத்திக்கொண்டு ஒரே திசையைப் பார்த்தால், நீங்களும் அந்தப் பக்கம் பாருங்கள். கடமான் குரல் கனமாக இருக்கும், எளிதில் எழும்பாது. அது திரும்பத் திரும்ப எழுந்தால் சிறுத்தையோ புலியோ செந்நாயோ அருகில் இருக்க வாய்ப்பு அதிகம். டிரைவர் எஞ்சினை அணைத்தால் அதற்காகத்தான். அந்த ஐந்து நிமிடம் யாரும் பேசக் கூடாது, சிப்ஸ் பாக்கெட் பிரிக்கக் கூடாது.

காட்டெருது சாலையோரம் நின்றால் அதன் கால்களைப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே வெள்ளை, சாக்ஸ் மாட்டியதுபோல. முதுகில் மைனாக்கள் உட்கார்ந்து பூச்சி கொத்தும். உண்ணிச்செடி (லாண்டானா) புதர் பார்வையை மறைக்கும் இடங்களில் விலங்கு பத்தடி தூரத்தில் நின்றாலும் தெரியாது. ஆகவே புதர் இல்லாத இடைவெளிகளில் கண்ணை வையுங்கள்.

நேரம் ஒத்துவந்தால் தெப்பக்காடு முகாமில் மாலை யானைகளுக்கு உணவு கொடுப்பதைப் பார்க்கலாம். கேழ்வரகு, கொள்ளு வேகவைத்துப் பெரிய உருண்டைகளாகப் பிடித்து, வெல்லமும் உப்பும் சேர்த்து பாகன்கள் யானையின் வாய்க்குள்ளேயே வைப்பார்கள். குழந்தைகள் இருந்தால் இதைத் தவற விடாதீர்கள்.

4. "நைட் சஃபாரி" என்று யார் அழைத்தாலும் போகாதீர்கள்

கடைசி இரவு என்றதும் இந்த ஆசை வரும். தனியார் ஜீப்பில் டார்ச் அடித்துக்கொண்டு காட்டோரம் சுற்றிக் காட்டுவதாகச் சொல்வார்கள். இது சட்டப்படி குற்றம். பிடித்தால் வண்டியோடு நீங்களும் வனத்துறை அலுவலகத்தில் நிற்க வேண்டும். அதைவிட முக்கியம், முகத்தில் விளக்கு அடிபட்ட யானை என்ன செய்யும் என்று யாராலும் சொல்ல முடியாது. குட்டியோடு இருக்கும் கூட்டம் என்றால் கேட்கவே வேண்டாம். குழுவில் ஒருவர் ஆசைப்பட்டாலும் தலைவர் கறாராக மறுக்க வேண்டிய இடம் இது.

தங்கும் இடத்தின் வேலிக்கு வெளியே இரவில் நடப்பதும் கூடாது. கரடி, யானை, காட்டுப்பன்றி எல்லாம் மசினகுடி சாலைகளில் சாதாரணமாக நடமாடுபவை.

5. அன்றிரவே கணக்கும் மூட்டையும்

சாப்பிட்ட கையோடு எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்துக் கணக்கை முடியுங்கள். ரயிலில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டால் அது மூன்று மாதம் வாட்ஸ்அப்பில் இழுக்கும். டிரைவர் பேட்டா, சமையல்காரர், அறைப் பையன்களுக்கான டிப்ஸ் ஆகியவற்றைப் பொதுப் பணத்திலிருந்து ஒருவரே கொடுக்கட்டும். ஆளாளுக்குக் கொடுத்தால் ஒருவருக்கு மூன்று முறை கிடைக்கும், பின்கட்டில் பாத்திரம் தேய்த்தவருக்கு ஒன்றுமே கிடைக்காது.

மூட்டையை இரண்டாகப் பிரியுங்கள். ரயில் ஏறும்வரை திறக்கத் தேவையில்லாத பெரிய பை வேனின் பின்னால் போகும். கையோடு வரும் சின்னப் பையில் ஸ்வெட்டர், மாத்திரை, தண்ணீர், துண்டு, சார்ஜர், அடையாள அட்டை. ஸ்வெட்டர்தான் பெரும்பாலும் தப்பான பைக்குள் போகிறது. மசினகுடியில் வெயில் அடிக்கும்போது குளிர் நினைவுக்கு வராது. ஆனால் அங்கிருந்து 1200 மீட்டருக்கு மேல் ஏறித்தான் ஊட்டிக்குப் போகிறோம். ஊட்டியின் உயரம் 2240 மீட்டர். பைக்காராவில் காற்று அடிக்கும்போது வேனின் பின்கதவைத் திறந்து பத்துப் பைகளை இறக்கிக்கொண்டிருப்பது நேர விரயம்.

படுக்கும் முன் உடம்பிலும் உடையிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். குறிப்பாக சாக்ஸ் விளிம்பு, முழங்கால் மடிப்பு, இடுப்பு. ஊருக்குத் திரும்பிய பின் காய்ச்சல் வந்தால் காட்டுக்குப் போய் வந்ததை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

மீந்த உணவை வேலிக்கு வெளியே கொட்டாதீர்கள். குப்பையைக் கட்டி எடுத்து வாருங்கள்.

6. காலையில் வண்டி ஏறும் வரிசை

முதல் கேள்வி டிரைவருக்கு: நன்றாகத் தூங்கினாரா? டிரைவர்களுக்குச் சரியான படுக்கை கொடுக்காத விடுதிகள் நிறைய. சிலர் வேன் சீட்டிலேயே படுத்திருப்பார்கள். அறை பதிவு செய்யும்போதே இதைக் கேட்டு வாங்குங்கள். அன்று உங்கள் பன்னிரண்டு பேரும் அவர் கையில்தான்.

அவர் டயர், பிரேக், ரேடியேட்டர் தண்ணீர் பார்க்கும் நேரத்தில் நீங்கள் அறைகளைப் பாருங்கள். கட்டிலடி, குளியலறைக் கொக்கி, சார்ஜர் பாயின்ட். காலை உணவு இட்லியோடு நிற்கட்டும். பூரி, வடை வேண்டாம், வளைவுகள் காத்திருக்கின்றன. வாந்தி வருபவர்கள் முன் சீட்டில். ஆட்களை எண்ணுவதற்கு இரண்டிரண்டு பேராக ஜோடி பிரித்துவிடுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் "உங்கள் ஜோடி ஏறியாச்சா" என்று கேட்டால் போதும்.

7. காட்டுச் சாலையில் நிற்கக் கூடாது

மசினகுடியிலிருந்து தெப்பக்காடு, அங்கிருந்து கூடலூர். தூரம் குறைவுதான், ஆனால் வேகத்தடைகள் நிறைய. இந்த நெடுஞ்சாலையில் காட்டுப் பகுதி இரவு 9 முதல் காலை 6 வரை மூடியிருக்கும். காலையில் திறந்தவுடன் லாரிகள் வரிசையாக வரும். 7 மணிக்குக் கிளம்பினால் அந்த முதல் கூட்டம் ஓரளவு வடிந்திருக்கும்.

காட்டுக்குள் வண்டியை நிறுத்தக் கூடாது, இறங்கக் கூடாது, குரங்குக்குக்கூட உணவு போடக் கூடாது. மீறினால் அபராதம். ஒரு பிஸ்கட்டுக்காகச் சாலைக்கு வரப் பழகிய குரங்கு என்றாவது ஒருநாள் லாரியில் அடிபட்டுச் சாகிறது. நான் இந்தச் சாலையில் அதைப் பார்த்திருக்கிறேன். குழந்தைகளிடம் காரணத்தோடு சொன்னால் அவர்கள் பெரியவர்களைவிட ஒழுங்காகக் கேட்பார்கள்.

யானை சாலையைக் கடந்தால் நன்றாகப் பின்னால் நின்றுவிடுங்கள். ஹாரன் வேண்டாம், விளக்கை மினுக்க வேண்டாம், எஞ்சினை உறும விடவும் வேண்டாம். முன்னால் நிற்கும் வண்டியை முந்திப்போய்ப் பார்க்க நினைக்காதீர்கள். பின்வாங்க இடம் இல்லாமல் போய்விடும். பெரிய யானை போய்விட்டது என்று உடனே நகராதீர்கள், குட்டிகளும் பின்தங்கிய யானைகளும் புதருக்குள் இருக்கும்.

8. கல்லட்டியா, கூடலூரா?

மசினகுடியிலிருந்து ஊட்டிக்குக் கல்லட்டி வழி சுமார் 30 கிலோமீட்டர். கூடலூர் சுற்றிப் போனால் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். வரைபடத்தைப் பார்த்ததும் எல்லோரும் கல்லட்டி என்பார்கள். அங்கே 36 கொண்டை ஊசி வளைவுகள், ஏற்றம் மிகச் செங்குத்து. வெளியூர் வண்டிகள் ஊட்டியிலிருந்து அந்த வழியில் இறங்கவே அனுமதி இல்லை. விபத்துகளால் வந்த கட்டுப்பாடு அது. ஏறுவதற்குச் சிறிய கார்கள் போகலாம். ஆட்களும் லக்கேஜும் நிறைந்த டெம்போ டிராவலருக்கு என்னைக் கேட்டால் கூடலூர்தான். எஞ்சின் சூடேறி நடு வளைவில் நின்றால் பின்னால் வரும் அத்தனை வண்டியும் நிற்கும். தவிர, கூடலூர் வழியில்தான் பார்க்க இடங்களும் இருக்கின்றன.

கூடலூரிலேயே டீசல் போட்டுக்கொள்ளுங்கள். கழிப்பறை நிறுத்தமும் அங்கேயே.

9. நடுவட்டம், பைக்காரா: இரண்டே நிறுத்தம்

கூடலூர் தாண்டி ஏற ஆரம்பித்ததும் ஊசிமலைக் காட்சிமுனை, தவளைமலைக் காட்சிமுனை, நடுவட்டம் தேயிலைத் தோட்டங்கள், பைக்காரா அருவி, பைக்காரா படகு இல்லம், ஷூட்டிங் மட்டம், காமராஜ் சாகர் அணை என்று வரிசையாக வரும். எல்லாவற்றிலும் நிற்க ஆசைதான். பன்னிரண்டு பேர் இறங்கி ஏறவே ஒவ்வொரு இடத்திலும் பதினைந்து நிமிடம் போகும். இரண்டைத் தேர்ந்தெடுங்கள்.

ஊசிமலையை முதலில் வையுங்கள். காலை வெளிச்சத்தில் கூடலூர்ப் பள்ளத்தாக்கும் அதற்கப்பால் முதுமலைக் காடும் தெளிவாகத் தெரியும். நேற்று நாம் சுற்றிய இடம் எங்கே என்று காட்டலாம். பத்து மணிக்குப் பிறகு மேகம் ஏறிவிட்டால் வெள்ளைச் சுவர்தான். இரண்டாவதாகப் புல்வெளி உள்ள ஏதாவது ஓர் இடம். மேலே போகப் போகப் புல்வெளியும் நடுவே மடிப்புகளில் சோலைக்காடும் வரும். கீழே பார்த்த வறண்ட காட்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை அங்கே நின்று பார்க்க வேண்டும். பைக்காரா படகைத் தவிர்க்கலாம். வரிசையில் நின்றே ஒரு மணி நேரம் போய்விடும்.

10. ஊட்டியில் சாப்பாடு மட்டும்

தாவரவியல் பூங்காவுக்கு "ஒரு எட்டு" போய்வர முடியாது. மே மாத மலர்க் கண்காட்சி சமயத்தில் ஊருக்குள் நுழைவதே கடினம். சாப்பிடும் இடத்தை முன்பே போனில் சொல்லிவைத்து, பன்னிரண்டு பேருக்கும் ஒரே வகைச் சாப்பாடாகச் சொல்லிவிடுங்கள். வர்க்கி (அடுக்கடுக்கான மொறுமொறு பிஸ்கட்), டீத்தூள் வாங்க ஆசைப்படுபவர்களுக்கு இருபது நிமிடம் கொடுக்கலாம். ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. கையில் தூக்கி வாருங்கள், பெரிய பைக்கு அடியில் வைத்தால் தூளாகிவிடும்.

11. கோத்தகிரி இறக்கம்

குன்னூர் வழியைவிடக் கோத்தகிரியை நான் சொல்வதற்குக் காரணம் நெரிசல் குறைவு என்பது. கோடை சீசனில் போலீஸாரே ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடுவார்கள். கோடநாடு காட்சிமுனை பக்கத்தில்தானே என்று யாராவது சொல்வார்கள். போய்வர ஒன்றரை மணி நேரம் ஆகும், விட்டுவிடுங்கள்.

கோத்தகிரி சுமார் 1800 மீட்டர், மேட்டுப்பாளையம் 300 சொச்சம். அவ்வளவு உயரத்தையும் ஒரே மூச்சில் இறங்குகிறோம். ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியர். வண்டியை நியூட்ரலில் விடுவதும், பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வருவதும் ஆபத்து. பிரேக் சூடேறினால் பிடிப்புப் போய்விடும். ரப்பர் கருகும் வாசனை வந்தால் தாமதிக்காமல் அகலமான இடத்தில் ஓரங்கட்டி, ஆறும்வரை நில்லுங்கள். ரயிலுக்கு நேரமாகிறது என்று அந்த நேரத்தில் டிரைவரை அவசரப்படுத்தவே கூடாது. 4.30 என்று முன்னதாக வைத்தது இதற்கும் சேர்த்துத்தான். எதிரே ஏறி வரும் வண்டிக்கு வழி விட்டு இறங்க வேண்டும்.

கோத்தகிரி தேயிலைத் தோட்டங்களில் மாலையில் காட்டெருதுகள் மேயும். சாலைக்கும் வரும். கீழே குஞ்சப்பனை பக்கம் யானை நடமாட்டம் உண்டு. பலாப்பழ சீசனில் இன்னும் அதிகம். சஃபாரி முடிந்துவிட்டது என்று கேமராவோடு இறங்கி ஓடுபவர்கள் இங்கேதான் இறங்குகிறார்கள். தோட்டத்தில் அமைதியாக நிற்கும் காட்டெருது முட்ட வந்தால் ஓட இடம் இருக்காது. வேனுக்குள்ளிருந்தே பாருங்கள்.

12. மேட்டுப்பாளையத்தில்

முதலில் ஸ்டேஷனுக்குப் போய் லக்கேஜை இறக்கி, இரண்டு பேரைக் காவலுக்கு வைத்துவிட்டு மற்றவர்கள் சாப்பிடப் போகட்டும். சாப்பிட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு வரலாம் என்று வேனை உணவகத்தின் முன்னால் நிறுத்தினால், நிறுத்த இடம் தேடியே நேரம் போகும். காவல் இருப்பவர்களுக்குப் பொட்டலம் வாங்கி வரலாம்.

வேனை அனுப்பும் முன் சீட்டுக்கு அடியிலும் மேல் தட்டிலும் ஒருவர் கைவிட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். கண்ணாடி, போன், குழந்தையின் செருப்பு எல்லாம் அங்கேதான் கிடக்கும். கிலோமீட்டர் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு, மீதிப் பணத்தைக் கொடுத்து, டிரைவர் சாப்பிட்டாரா என்று கேளுங்கள். அவர் இன்றிரவே வெகுதூரம் திரும்ப ஓட்ட வேண்டியிருந்தால், ஒரு மணி நேரமாவது படுத்துவிட்டுக் கிளம்பச் சொல்லுங்கள்.